தலைப்பிரசவமும் கட்டிலருகே ஒரு ஸ்டூலும்



அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பகுதியை நம் பிரசவ வார்டுக்கென்று ஒதுக்கிய ஒரு சபையார், அந்தப் பணத்துக்கு என்ன கருவி வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். வாங்கும் கருவியில் தங்கள் சபையின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்பதும் அவர்கள் விருப்பம். அதில் தவறொன்றும் இல்லை. நாங்கள் பதிலுக்குக் கேட்டவை: நான்கு ஸ்டூல்கள், கட்டில்களுக்கு இடையே தொங்கவிடக் கனத்த பருத்தித் திரைகள், வெந்நீர் வைக்க ஒரு பிளாஸ்க். கடிதத்தைப் படித்த சபைப் பொருளாளர், நாங்கள் வேடிக்கை செய்கிறோமோ என்று நினைத்துத் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இம்மாதப் பாடமாக உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறோம்.

பெருங்களத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சகோதரியின் அனுபவத்திலிருந்து தொடங்குவோம். எழுதிக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் ஆயத்த ஆடைத் தையல் வேலை. கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் நாட்டு வழக்கம். ஆனால் இவர் பள்ளியில் படிக்கும்போதே தாயார் மரித்துப்போனார். வளைகாப்பு முடிந்த பிறகு அழைத்துப்போக ஆள் இல்லாததால் மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அவர் எங்களிடம் மூன்று தரம் வந்தார். முதல் தரம் இரவு பதினொரு மணிக்கு, வயிறு இறுகி இறுகி வலிக்கிறது என்று வந்தார். பரிசோதித்ததில் கர்ப்பவாய் சரியாகத் திறக்கவே தொடங்கவில்லை. விடிவதற்குள் வலி தானாக நின்றது. "சூட்டு வலிக்கா இவ்வளவு தூரம் ஆட்டோவுல ஓடி வந்தோம்?" என்று மாமியார் சலித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து மாலையில் மறுபடி வந்தபோது கர்ப்பவாய் 3 சென்டிமீட்டர் திறந்திருந்தது. குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருந்தது, பனிக்குடம் உடையவில்லை. வளாகத்துக்குள் உலாவச் சொன்னோம். இட்லி சாப்பிடச் சொன்னோம். இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, எப்போது திரும்பி வரவேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினோம். "பெட்டில் சேர்க்காம அனுப்புறீங்களே" என்று கணவருக்குக் கோபம். அந்தக் கோபத்தை நாங்கள் குறை சொல்லமாட்டோம். வலியோடு வந்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவமனையைக் குறித்து யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அனுப்பியதற்குக் காரணம் உண்டு. முதல் குழந்தைக்குக் கர்ப்பவாய் மெலிந்து திறக்கத் தொடங்கும் அந்த ஆரம்பக் கட்டம் சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கும் மேல். இவ்வளவுதான் என்று அளவு சொல்ல முடியாது. 1954இல் அமெரிக்க மருத்துவர் பிரீட்மன் வரைந்த வரைபடத்தைப் பின்பற்றி, கர்ப்பவாய் மணிக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்றே நாங்கள் எல்லாரும் படித்தோம். திறக்காவிட்டால் ஊசி, ட்ரிப், பிறகு அறுவை. 2018இல் உலக சுகாதார நிறுவனம் அந்தக் கணக்கைத் திருத்தியது. 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே பிரசவம் முழு வேகம் எடுத்ததாகக் கொள்ள வேண்டும். அதிலிருந்து முழுவதும் திறக்கத் தலைச்சன் பிள்ளைக்குப் பொதுவாக 12 மணி நேரம் வரை ஆகலாம். திறந்த பிறகு முக்கிப் பெற்றெடுக்க 3 மணி நேரம் வரை ஆகலாம். தாயும் சேயும் நலமாயிருந்தால், மெதுவாகத் திறக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அவசரப்படுத்த வேண்டாம் என்றது. வெகு சீக்கிரம் கட்டிலில் சேர்த்துவிட்டால், அந்தப் பெண் பயத்திலும் பசியிலும் சோர்ந்து, பிறக்கவேண்டிய நேரம் வரும்போது பெலனில்லாமல் கிடப்பாள்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 அறுவைச் சிகிச்சையால் நடந்தவை. உயிர் காக்கும் அறுவையை நாங்களும் செய்கிறோம், தயங்காமல் செய்கிறோம். ஆனால் முதல் குழந்தைக்கு வயிற்றைக் கிழித்தால் அடுத்த குழந்தைக்கும் பெரும்பாலும் அதே வழிதான். ஆகையால் முதல் பிரசவத்தில் பொறுமை காட்டுவது அந்தப் பெண்ணின் பிந்திய பிரசவங்களையும் சேர்த்துக் காப்பதாகும்.

உங்கள் வீட்டிலும் மகளோ மருமகளோ இருப்பாளே, ஆகையால் இதையும் எழுதிவிடுகிறோம். வலி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஒழுங்காக வந்து, ஒவ்வொரு தரமும் ஒரு நிமிடம் அளவு நீடித்தால் புறப்படுங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியுடன் கண் மங்கினாலோ வலிக்காகக் காத்திராமல் உடனே வாருங்கள். கஷாயம் கொடுத்துப் பார்த்து நேரம் போக்க வேண்டாம்.

அந்தச் சகோதரி மூன்றாம் தரம் வந்தது நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு. கர்ப்பவாய் 6 சென்டிமீட்டர். வார்டு வாசலில் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டோம்: "உன் கூட உள்ளே யார் இருக்கணும்மா?"

மாமியார் முன்னே வந்தார். அந்தப் பெண் தலை குனிந்துகொண்டு, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடலாமா என்றாள். அந்த அக்கா தெருமுனையில் இட்லிக் கடை போடுகிறவர், மூன்று பிள்ளைகள் பெற்றவர். வாசலில் சிறு சண்டையே வந்தது. "சொந்தத்துல ஆள் இல்லாத மாதிரி வெளியாளைக் கூப்பிடுறாளே, ஊர் என்ன சொல்லும்?" என்று மாமியார் அழுதார். எங்களுக்கும் சங்கடம்தான், ஆனால் இந்த ஒரு கேள்வியில் வலிப்படுகிறவளின் சொல்லையே கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கணவர் ஆட்டோவில் போய், மாவு அரைத்து வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அந்த அக்காவை எழுப்பிக் கூட்டிவந்தார்.

பொருளாளர் இந்த இடத்தில்தான் கேட்டார்: "ஆள் கூட இருந்தால் ஆறுதல், சரி. அது வைத்தியம் ஆகுமா?"

ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நகரில் கூட்டம் நெரியும் ஓர் அரசு மருத்துவமனையில் செய்த ஆய்வு 1980இல் வெளிவந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்கள் மட்டும் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு சாராருக்கு வழக்கம்போல் தனிமை. மறு சாராருக்கு, முன்பின் தெரியாத, மருத்துவப் பயிற்சியும் இல்லாத ஒரு பெண் பிரசவம் முடியும்வரை பக்கத்தில் இருந்து, முதுகைத் தேய்த்து, கையைப் பிடித்து, பேசிக்கொண்டிருந்தாள். சிக்கலில்லாமல் பிரசவித்தவர்களை ஒப்பிட்டபோது, மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை தனியாக இருந்தவர்களுக்குச் சராசரி 19.3 மணி நேரம். துணை இருந்தவர்களுக்கு 8.8 மணி நேரம். அது சிறிய ஆய்வு. ஆனால் பிற்பாடு பல நாடுகளில் செய்த ஆய்வுகளைச் சேர்த்து, 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை 2017இல் தொகுத்துப் பார்த்தபோதும் பலன் அதே திசையில் இருந்தது. இவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லாவிட்டாலும், துணை இருந்தவர்களுக்கு வலி நேரம் குறைந்தது, இயல்பான பிரசவம் கூடியது, அறுவை குறைந்தது.

இதன் சூட்சுமத்தைக் கிராமத்துப் பாட்டிமார்கள் அறிந்தே இருந்தார்கள். பயந்த உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் என்ற சுரப்பை அது தடுக்கக்கூடும் என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். ஆடு மாடு கூடக் கூட்டமும் சத்தமும் இருந்தால் ஈனாமல் தள்ளிப்போடும் என்று மாடு வளர்க்கிற விசுவாசி ஒருவர் எங்களுக்குச் சொன்னதுண்டு.

இதை எழுதும் எங்களுக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இருக்கிறது. எங்கள் வார்டிலேயே பல வருஷங்கள் துணைக்கு வந்தவர்களை வராந்தாவுக்கு அப்பால் நிறுத்திவிட்டுக் கதவைத் தாழிட்டோம். தொற்று வரும், கூட்டம் கூடும் என்று காரணம் சொன்னோம். உள்ளே வந்த பெண்ணுக்கு மயிர் மழித்து, எனிமா கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, தண்ணீரும் கொடுக்காமல் வைத்தோம். இவை எல்லாருக்கும் தேவையில்லை என்று இன்று தெரிகிறது. கத்தினால் அதட்டினோம். "பெத்துக்கத் தெரியுது, வலி தாங்கத் தெரியலையா?" என்ற சொல் காலையில் ஜெபம் பண்ணின அதே வாயிலிருந்து மாலையில் வந்ததுண்டு. வெளியே வேப்பமரத்தடியில் அந்தப் பெண்ணின் தாய், மகளின் குரல் எப்போது நிற்கும் என்று காது கொடுத்து உட்கார்ந்திருப்பாள். நின்றால் பிள்ளை பிறந்ததோ, வேறு ஏதோ என்று தெரியாமல் ஓடி வருவாள்.

தமிழ்நாட்டு அரசு 2004இலேயே அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதித்தது. மத்திய அரசு 2016இல் நாடெங்கும் அதையே சொன்னது. மிஷன் மருத்துவமனை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் நாங்கள் அரசாங்கத்துக்குப் பின்னால் நடந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. கட்டளை இருந்தும் பல இடங்களில் நடவாததற்குக் காரணமும் எளியது. மூன்று கட்டில்கள் திறந்தவாக்கில் கிடக்கும் அறையில், ஒருத்தியின் துணைக்கு வந்தவள் மற்ற இருவரின் மானத்தையும் பார்க்க நேரிடும். திரை இல்லாமல் துணையை உள்ளே விட முடியாது. நாங்கள் ஏன் துணி கேட்டோம் என்பது இப்போது விளங்கும்.

நம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே தெற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போனால் திண்டிவனம். மிஷன் மருத்துவமனைகளை ஆதரிக்கிற நீங்கள் கேள்விப்பட்ட சம்பவம்தான், ஆனாலும் தலைப்பிரசவத்தைப் பற்றிப் பேசும்போது அதை விட்டுவிட முடியாது. 1890களின் தொடக்கத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், ஒருவர் வேறொரு உயர்சாதி இந்து, மிஷன் பங்களாவின் கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவிமார் பிரசவ வேதனையில். அங்கிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்காதவர். அவருடைய தகப்பனார் மருத்துவர். அவர் வருவார் என்றதற்கு, அந்நிய ஆண் எங்கள் பெண்ணைப் பார்க்கலாகாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடியும்போது மூன்று பெண்களும் உயிரோடில்லை. அதன் பிறகே ஐடா அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வேலையைத் தொடங்கினார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் 40 கட்டில்களோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழும்பியது. (பெயர் பொறிப்பதில் தவறில்லை என்று மேலே எழுதினோமே, அந்த அம்மாளின் பெயரை இன்றும் சொல்லுகிறோம்.)

திண்டிவனத்து மூவருக்கும் சுற்றிலும் பெண்கள் இருந்திருப்பார்கள்: தாய், அத்தை, ஊர் மருத்துவச்சி. இல்லாதிருந்தது மருத்துவம். இன்றைக்கு நிலைமை தலைகீழ். அதே 2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. மருத்துவம் கிடைத்துவிட்டது, கூட நின்ற பெண்களை நாங்கள் வெளியே நிறுத்திவிட்டோம். வீட்டுப் பிரசவமே மேல் என்று சொல்ல வருகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த எண்ணம் இப்போது சில படித்தவர்கள் நடுவில் தலைகாட்டுகிறது; அது ஆபத்தானது.

வேதாகமமும் இதில் மிகவும் நேர்மையாகவே பேசுகிறது. யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்ற இரு மருத்துவச்சிகள் பார்வோனுக்கு அஞ்சாமல் பிள்ளைகளைக் காப்பாற்றியதைப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் ஆதியாகமம் 35ஆம் அதிகாரத்தில் எப்பிராத்தா வழியில் பிரசவித்த ராகேலையும், 1 சாமுவேல் 4இல் பினெகாசின் மனைவியையும் நினைத்துப் பாருங்கள். ராகேலுக்கு மருத்துவச்சி பக்கத்தில் இருந்து தைரியம் சொல்லுகிறாள். பினெகாசின் மனைவிக்கும் அருகே நின்ற ஸ்திரீகள் அதே தைரியத்தைச் சொல்லுகிறார்கள். இரண்டு இடத்திலும் பிள்ளை பிழைக்கிறது, தாய் மரிக்கிறாள். அன்பான வார்த்தை இரத்தப்போக்கை நிறுத்தாது. அப்படியிருந்தும், அந்தப் பெண்கள் பக்கத்தில் நின்றார்கள், பேசினார்கள் என்பதை எழுதினவர்கள் விட்டுவிடவில்லை. எங்கள் வார்டில் ஒரு பக்கம் ட்ரிப் ஸ்டாண்டும் மறுபக்கம் ஸ்டூலும் இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

இனி அந்த இரவுக்குத் திரும்புவோம். அக்கா வந்ததும் முதலில் கை கால் கழுவச் சொன்னோம். சுத்தமான மேலங்கி கொடுத்தோம். செய்யக்கூடாத இரண்டைச் சொன்னோம்: வயிற்றை அழுத்தக்கூடாது, நாங்கள் சொல்லுமுன் "முக்கு" என்று சொல்லக்கூடாது. மற்றபடி அவருக்குத் தெரிந்ததை விட நாங்கள் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. வலி வரும்போது இடுப்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தார். வலி விட்டதும் ஒரு மடக்கு வெந்நீர். எழுப்பி நடக்கவைத்தார், கட்டில் கம்பியைப் பிடித்து நிற்கவைத்தார். நடுவில் தன் மூன்று பிரசவக் கதையையும் சொல்லி, ஒரு கட்டத்தில் அந்தப் பெண்ணைச் சிரிக்கவும் வைத்துவிட்டார். பிரசவ அறையில் நாங்கள் அடிக்கடி கேட்கும் சத்தம் அல்ல அது. நான்கு மணிக்கு, "என்னால முடியாதுக்கா, ஆபரேஷனே பண்ணச் சொல்லுங்க" என்று அவள் கதறியபோது அக்கா சொன்னது: "இப்படிச் சொல்ற நேரத்துலதான் கண்ணு புள்ள வரும்." அவர் சொன்னது மருத்துவப்படியும் சரியே. கர்ப்பவாய் முழுவதும் திறக்கும் நேரத்தில்தான் பெரும்பாலான பெண்களுக்குக் கை விட்டுப்போகும்.

ஐந்தரை மணிக்குப் பெண் குழந்தை, 2.8 கிலோ. தாயின் மார்பில் போட்டோம். தொப்புள்கொடியின் துடிப்பு நின்ற பிறகு அறுத்தோம். இரத்தப்போக்கைத் தடுக்க எல்லாருக்கும் போடுகிற ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசியும் போட்டாயிற்று. நஞ்சும் முழுமையாக வந்துவிட்டது. எல்லாம் நலமாக முடிந்தது என்று சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அன்றிரவு பணியில் இருந்த ஒரு சிஸ்டருக்கு மூன்று தாய்மார்.

அரை மணி நேரம் கழித்துத் திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல்: "சிஸ்டர், இவ கை ஜில்லுனு இருக்கு. பேச்சும் குழறுது."

போர்வையை விலக்கிப் பார்த்தபோது விரிப்பு நனைந்திருந்தது. இறுகியிருக்க வேண்டிய கர்ப்பப்பை பஞ்சுபோல் தளர்ந்திருந்தது. டாக்டர் ஓடிவந்தார். வயிற்றின் மேல் கைவைத்துக் கர்ப்பப்பையைத் தேய்த்து இறுகவைத்து, இரண்டு கையிலும் ட்ரிப் ஏற்றி, மறுபடி ஆக்சிடோசினும், இரத்தம் உறைய உதவும் டிரனெக்ஸாமிக் அமிலமும் கொடுத்து, இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றினோம். ஏழு மணிக்கு இரத்தப்போக்கு நின்றது. பிரசவித்த முதல் சில மணி நேரத்தில் வரும் இந்த இரத்தப்போக்குதான் நம் தாய்மாரை அதிகம் கொண்டுபோகிறது. வெளியே சத்தமில்லாமல், போர்வைக்கு அடியில் நடக்கிற காரியம் அது. இன்னும் ஒரு பதினைந்து நிமிடம் யாரும் பார்க்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று காலை தேநீர் குடிக்கும்போது எங்களில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாமியார் இரவு முழுவதும் வராந்தாவில் கோபமாக உட்கார்ந்திருந்தார். இரத்தம் ஏற்றுகிறோம் என்று கேட்டதும் கோபம் போய், ஜெபம் பண்ணுங்கள் என்று எங்கள் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். குழந்தையை முதலில் அவர் கையில்தான் கொடுத்தோம். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கப்போனவரைத் தடுத்து, சீம்பாலே போதும் என்று விளக்கியது தனிக் கதை.

அக்கா எட்டு மணிக்குப் புறப்பட்டார். "மாவு பொங்கி வழிஞ்சிருக்கும், இன்னிக்குக் கடை அவ்வளவுதான்" என்றார். கணவர் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார்.

சபையார் அனுப்பிய பணத்தில் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடையில் திரைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறோம். ஸ்டூல்கள் நான்கும் வந்துவிட்டன. மீந்த தொகையை, இரவுப் பணிக்கு இன்னொரு சிஸ்டரைச் சேர்க்கும் நிதியில் வைத்திருக்கிறோம். அந்த நிதி நிறைவதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். பொருளாளர் ஐயா மறுபடி தொலைபேசியில் கேட்டார், ஸ்டூலில் சபையின் பெயரை எங்கே எழுதப்போகிறீர்கள் என்று. பலகையின் அடிப்பக்கத்தில் எழுதியிருக்கிறோம். மேலே எழுதினால் உட்கார்ந்து உட்கார்ந்து அழிந்துவிடும்.